6 வயசுப் பொண்ணு கண்ணாடி: சீட்டுல ஒரு பவர், கடை கார்டுல வேற பவர்?

கோத்தகிரி_சாரல்:
பொண்ணுக்கு 6 வயசு. ஸ்கூல்ல கண் பார்த்தப்போ இடது கண்ணு சரியில்லைன்னாங்க. கோயம்புத்தூர்ல சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தாங்க:

வலது: ஸ்பியர் +1.00, பார்வை 6/6
இடது: ஸ்பியர் +4.00, சிலிண்டர் -1.50, ஆக்சிஸ் 180, கண்ணாடியோட 6/18

சீட்டு மேல, சொட்டு விட்டப்போ எடுத்த அளவுன்னு வலது +1.75, இடது +4.75 / -1.50 × 180 இருக்கு. இங்க ஆப்டிக்கல்ஸ் கார்டுல இடது +2.50, சிலிண்டர் +1.50, ஆக்சிஸ் 90. எதை நம்புறது? டிவி, புக்கு எல்லாம் நல்லாத்தான் பார்க்கிறா. நாள் முழுக்கப் போடணுமா?

ரெட்டினோஸ்கோப்:
கடைக்காரர் தப்பு பண்ணலைங்க. ஸ்பியர்னா லென்ஸோட அடிப்படை பவர், சிலிண்டர்னா ஒரு திசையில மட்டும் சேர்ற பவர், ஆக்சிஸ்னா அந்தச் சிலிண்டர் நிக்கிற கோணம். சிலிண்டரை மைனஸ்லயும் எழுதலாம், பிளஸ்லயும் எழுதலாம். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினா புது ஸ்பியர்: 4.00 - 1.50 = 2.50. சிலிண்டரோட குறியை மாத்தணும்: +1.50. ஆக்சிஸை 90 டிகிரி திருப்பணும்: 180 போய் 90. லென்ஸ் ஒண்ணேதான். இந்த மூணுல ஒண்ணை மட்டும் மாத்தி எழுதியிருந்தாதான் சண்டை போடணும். சந்தேகம் தீரலைன்னா லென்ஸ் பவரை அளக்கிற லென்சோமீட்டர் கருவியில வெச்சு மைனஸ் சிலிண்டர்ல காட்டச் சொல்லுங்க.

சொட்டு அளவிலிருந்து ரெண்டு கண்ணுக்கும் சமமா 0.75 குறைச்சிருக்காங்க, கவனிச்சீங்களா? சொட்டு விட்டா கண் உள்ளே ஃபோகஸ் பண்ற தசை தளர்ந்து, மறைஞ்சிருக்கிற பிளஸ் முழுசா வெளியே வரும். மாறுகண் இல்லாத குழந்தைக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதுவாங்க. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவு குறைக்கணும். இடையில இருக்கிற 3.00 வித்தியாசம்தான் உங்க சீட்டுல முக்கியமான எண்.

ஏன்னா கண்ணாடி இல்லாதப்போ இந்த பிளஸ் பவரை ஈடுகட்டுறது ஃபோகஸ் தசைதான், அது ரெண்டு கண்ணுலயும் ஒரே அளவுலதான் வேலை செய்யும். வலது கண்ணுக்கு 1.00 போதும், மூளை அதோட நிறுத்திக்கும். இடது கண்ணுக்கு மீதி 3.00 கிடைக்கவே கிடைக்காது. டிவியானாலும் புக்கானாலும் அந்தக் கண்ணுல மங்கல்தான். "நல்லா பார்க்கிறா"ன்னு நீங்க சொல்றது வலது கண்ணோட வேலை. அதனால தூங்குற நேரம் தவிர எப்பவும் போடணும்.

கோத்தகிரி_சாரல்:
நன்றி சார். கண்ணாடி போட்டும் 6/18ன்னா பவர் பத்தலையா?

ரெட்டினோஸ்கோப்:
6/18ன்னா மத்தவங்க 18 மீட்டர்ல படிக்கிற எழுத்தை அந்தக் கண்ணு 6 மீட்டர்லதான் படிக்குதுன்னு அர்த்தம். பவர் சரி, மூளைதான் அந்தக் கண்ணை இன்னும் பழகலை. இதைத்தான் சோம்பல் கண்ணுன்னு சொல்றோம். முதல்ல கண்ணாடி மட்டும். ஆறேழு வாரத்துல திரும்பிப் பார்ப்பாங்க. நிறைய குழந்தைகளுக்கு அதிலேயே எழுத்துப் பலகையில ஒண்ணு ரெண்டு வரி ஏறிடும். நின்னு போச்சுன்னா நல்ல கண்ணை மூடுற பேட்ச் சொல்வாங்க, இந்த அளவுக்கு வழக்கமா தினம் 2 மணி நேரம். தோல் மேல ஒட்டணும். கண்ணாடி மேல ஒட்டினா இடுக்கு வழியா எட்டிப் பார்த்துடுவாங்க. டாக்டர் சொல்லாம நீங்களா ஆரம்பிக்காதீங்க, நல்ல கண்ணு பாதிக்கலாம்.

லென்ஸ்_பட்டறை:
சீட்டு சரியா இருந்தும் ஃபிரேம்ல கெட்டுப்போறது நிறைய. சீட்டுல பி.டி. எழுதலைன்னா கடையில அளக்கச் சொல்லுங்க, ரெண்டு கண்மணியோட மையத்துக்கும் இடையில இருக்கிற தூரம் அது. 52 மி.மீ.ன்னு வெச்சுக்கலாம். ஃபிரேம் காதுக்கம்பி உள்பக்கம் 44-16ன்னு இருந்தா, 44 லென்ஸ் அகலம், 16 மூக்கு மேல இருக்கிற இடைவெளி, கூட்டினா 60. லென்ஸ் மையத்தை ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. உள்ளே தள்ளிப் போடணும். தள்ளாம மாட்டினா இடது பக்கம் மட்டும் 0.4 செ.மீ. × 4.00 = 1.6 பிரிசம் இழுக்கும், அதாவது பார்க்கிற காட்சியையே பக்கவாட்டுல நகர்த்தும். தலைவலின்னு கழட்டி வெச்சுடுவா. "வளர்ற பொண்ணு, பெரிசா வாங்கிக்கலாம்"ங்கிற கணக்கு பாவாடைக்குச் சரி, ஃபிரேமுக்கு ஆகாது. 40-14 மாதிரி சின்னதா எடுங்க.

இடது லென்ஸ் நடுவுல தடிமனா, கனமா இருக்கும். சின்ன மூக்குல சரியும். 5 மி.மீ. சரிஞ்சாலே ரெண்டு கண்ணுக்கும் மேல்-கீழா முக்கால் பிரிசம் வித்தியாசம் வரும். அதைவிட மோசம், மேல் விளிம்புக்கு மேலாப் பார்க்கப் பழகிடுவா. காதைச் சுத்தி வளையுற கம்பி இல்லைன்னா பின்னால ஸ்ட்ராப் கேளுங்க. லென்ஸ் பாலிகார்பனேட்தான் வேணும், ஒரு கண்ணையே நம்பியிருக்கிற குழந்தைக்கு உடையுற லென்ஸ் வேண்டாம்.

வாங்கினதும் பேப்பர் மேல வெச்சு மெதுவா தூக்குங்க. இடது லென்ஸ்ல எழுத்து ரொம்பப் பெரிசாகணும். வலதுல அதைவிடப் பெரிசானா லென்ஸ் இடம் மாறிடுச்சு.

அப்புறம் நம்ம மலை. மஞ்சுல நடந்து கிளாஸ் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் கண்ணாடி பூத்துடும், பிள்ளைங்க ஸ்வெட்டர்லயே துடைப்பாங்க. பாலிகார்பனேட் சீக்கிரம் கீறல் விழும். பையில ஒரு பருத்தித் துணி வெச்சு விடுங்க, ரெண்டு நிமிஷம் விட்டா தானா தெளியும்னும் டீச்சர்கிட்ட சொல்லி வைங்க.