கல்மீனா, தேள்மீனா? படம் பார்த்துச் சொல்லுங்க

கடல்ல பாறை ஓரமா ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வச்சு மிதந்துக்கிட்டே தண்ணிக்கடியில பார்க்கறது) போனப்போ எடுத்த படம் கீழே இருக்கு. பாசி படிஞ்ச கல்லுன்னு நினைச்சு கை ஊன்றப் போனேன். வாய் லேசா அசைஞ்சது. நல்லவேளை!

கல்மீனுக்கு வாயும் கண்ணும் மேல் நோக்கி இருக்கும், செதில் கிடையாது, முதுகுல 13 நச்சு முட்கள்னு தெரியும். இதோட வாயும் அப்படித்தான் தெரியுது. ஆனா மீன் விலகினப்போ மார்புத் துடுப்போட உள்பக்கம் ஆரஞ்சு நிறம் பளிச்னு மின்னிச்சு. அது தேள்மீன் குடும்பத்துப் போலிக் கல்மீனோட அடையாளமாச்சே? முள்ளை எண்ணலாம்னா மடக்கி வச்சிருக்கு, கள்ளப் பய.

இரண்டாவது படத்துல தலைக்குப் பின்னாடி கூன் மாதிரி இருக்கு பாருங்க. அதை வச்சே உறுதியாச் சொல்லலாமா? இல்ல வேற எதைக் கவனிக்கணும்? டைவிங் பழக்கம் உள்ளவங்க சொல்லுங்களேன்.