தனியா ஃப்ரீலான்ஸ் பண்றவங்க தொழில் வட்டத்தை எப்படி உருவாக்கினீங்க?

கேள்வி:
வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்றேன். லிங்க்ட்இன்ல நிறைய பேர் இருக்காங்க. ஆனா கிளையன்ட் பணம் தராம இழுத்தடிக்கும்போது யோசனை கேட்க ஒரு ஆள் இல்ல. கூட்டத்துக்குப் போய் கார்டு கொடுக்கறது எனக்குச் சரிப்பட்டு வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில் 1:
கூட்டத்தை விடுங்க, பழைய சக ஊழியர்கள்கிட்ட ஆரம்பிங்க. அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல வெளியிட்ட ஆய்வுல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல 16.7 சதவீதம் பேர்தான் தங்களுக்கு உதவின ஆளை அடிக்கடி பார்த்தவங்க. மத்தவங்களுக்கு எப்பவாவது பார்க்கறவங்கதான் உதவியிருக்காங்க. நெருங்கின நண்பர்களுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும், அதான் காரணம்.

வெறும் "எப்படி இருக்கீங்க"ன்னு எழுதாதீங்க. "நீங்க சொல்லிக்கொடுத்த பக் ரிப்போர்ட் ஃபார்மட்டைத்தான் இன்னும் வச்சிருக்கேன். இப்ப ஏபிஐ டெஸ்டிங்குக்கு எந்த டூல் பயன்படுத்தறீங்க?"ன்னு நான் எழுதுவேன். ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். அப்புறம் அந்த யோசனை எப்படி வேலை செஞ்சதுன்னு கண்டிப்பா திரும்ப எழுதுங்க. பலர் இதை விட்டுடறாங்க, ஆனா உறவு ஒட்டறது அங்கதான்.

பதில் 2:
உண்மை. ஆனா பண விஷயத்துக்கு அறிமுகம் மட்டும் போதாது, நம்பிக்கை வேணும். நாங்க சில டெஸ்டர்கள் மாசம் ஒருமுறை வீடியோ கால்ல பேசறோம். ரேட், ஒப்பந்தம், இழுத்தடிக்கற கிளையன்ட் எல்லாம் வரும். பேசினது வெளிய போகக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. அட்வான்ஸ் வாங்காம வேலையைத் தொடாதேன்னு எனக்குச் சொன்னதே அவங்கதான்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. பழைய டீம் லீட் ஒருத்தருக்கு இப்பவே எழுதறேன். உங்க குழுவுல இன்னொருத்தருக்கு இடம் இருக்கா?