ஜோயட்ரோப்பில் குதிரை இரண்டாகத் தெரிகிறது, பின்னால் நகர்கிறது – உதவி தேவை

திரைநூல்:
அவசரம், திறப்பு விழாவுக்கு நாலே நாள். பழைய அனிமேஷன் தந்திரங்கள் பற்றிய அருங்காட்சியகக் கூடத்துக்கு ஜோயட்ரோப் (வரிசையாகப் படங்கள் ஒட்டிய சுழல் உருளை) செய்கிறோம். பார்வையாளர் கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழலும், எல்இடி மின்னும், குதிரை ஓடும். ஆனால் ஒரு குதிரை இரண்டாகத் தெரிகிறது. போதாததற்கு மெல்லப் பின்னால் நகர்கிறது. சென்சார் மாற்றியும் அதே கதை.

கோணமானி:
எத்தனை படம்? உருளையின் விட்டம்? சென்சார் எந்தத் தண்டில்? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்லலாம்.

பட்டறை17:
மின்னல் நீளம்தான் காரணம். 40 செ.மீ. உருளை நொடிக்கு ஒரு சுற்று போனால் விளிம்பு நொடிக்கு சுமார் 1.26 மீட்டர் ஓடும். எல்இடி 1 மில்லிநொடி எரிந்தால் 1.26 மி.மீ. இழுபடும். அரை மில்லிநொடிக்குக் குறையுங்கள்.

கோணமானி:
இழுபட்டால் மங்கும், இரட்டிக்காது.

திரைநூல்:
சாரி. 12 படம், விட்டம் 40 செ.மீ. தான். 12 பல் தகடும் ஒளி சென்சாரும் கைப்பிடித் தண்டில். அங்கிருந்து உருளைக்கு ரப்பர் பெல்ட், 1:1. எல்இடியை இயக்குவது ஆர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை), இன்டரப்ட் ‘சேஞ்ச்’, அதாவது சென்சார் நிலை மாறும்போதெல்லாம் மின்னும். மின்னல் 0.5 மில்லிநொடி. இன்னொன்று: பழைய ஜோயட்ரோப் பட நாடாவை ஸ்கேன் செய்து அச்சடித்தோம், குதிரை குண்டாகவும் தெரிகிறது.

பழையசுருள்:
‘சேஞ்ச்’ என்று போட்டுவிட்டு ஏன் இரண்டு என்று கேட்கிறீர்கள். பல் நுழையும்போது ஒரு மின்னல், விலகும்போது ஒன்று, ஆகச் சுற்றுக்கு 24. ஒவ்வொரு படமும் தன் இடத்திலும் தெரியும், அடுத்த இடத்துக்குப் போகும் பாதி வழியிலும் தெரியும். ‘ரைசிங்’ போடுங்கள், பல்லுக்கு ஒரு மின்னல்தான் வரும். வகுத்தல் தெரிந்தால் போதும், இதற்குத் தனி மன்ற இழை வேண்டாம்.

கோணமானி:
இரட்டைக்கு அதுதான். நகர்வுக்குக் காரணம் பெல்ட். கைப்பிடிக் கப்பி 60 மி.மீ., உருளைக் கப்பி 60.3 என்றாலே உருளை அரை சதவீதம் பின்தங்கும். 1257 மி.மீ. சுற்றளவில் அது சுற்றுக்கு 6 மி.மீ. வழுக்கல் தனி. பல் தகட்டை உருளையின் தண்டிலேயே மாட்டுங்கள், பெல்ட் என்ன செய்தாலும் படம் நிற்கும்.

மின்னல் நேரத்தை நிரல் எண்ணட்டும். சென்சார் திறந்திருக்கும்வரை எரியும்படி வைத்தால், இடைவெளியில் உருளை நின்ற நேரம் எல்இடி விடாமல் எரியும். வெளிச்சத்துக்காக மின்னோட்டத்தை ஏற்றியிருந்தால் கருகிவிடும்.

நிழற்கூத்து:
குண்டுக்குக் காரணம் நாடாதான். பழைய ஜோயட்ரோப்பில் உருளைச் சுவரின் பிளவு வழியே பார்க்கையில் பிளவு ஒரு பக்கம், எதிர்ச்சுவர்ப் படம் மறுபக்கம் ஓடும். அதனால் படம் ஒடுங்கித் தெரியும். அதை ஈடுகட்ட அகலமாக வரைவதுண்டு. மின்னலில் ஒடுக்கம் இல்லை. அகலத்தை 80 சதவீதமாக்கி ஒரு துண்டு அச்சிட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக்காரன்:
மின்னலே வேண்டாம். ரெய்னோ 1877இல் செய்த பிராக்ஸினோஸ்கோப் போல நடுவில் 12 கண்ணாடி வையுங்கள். சாதாரண விளக்கே போதும்.

பட்டறை17:
நாலு நாளில் 12 கண்ணாடியைக் கோணம் பிசகாமல் ஒட்டச் சொல்கிறீர்கள்!

கண்ணாடிக்காரன்:
வலிப்பு? நொடிக்கு 3 முதல் 30 மின்னல்வரை ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து, 15–25 மிக மோசம். சிறுவர்கள் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 24. குறைந்தபட்சம் கூண்டு போட்டு மூடி, எச்சரிக்கையைக் கூடத்தின் வாசலிலேயே வையுங்கள்.

நிழற்கூத்து:
இது நியாயம். விளக்கப் பலகையில் என்ன எழுதுகிறீர்கள்?

திரைநூல்:
‘பார்வை நிலைப்பால் படம் அசைவதுபோல் தெரிகிறது.’

பழையசுருள்:
அதே பழைய தவறு. பிம்பம் கண்ணில் தங்கினால் 12 குதிரையும் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். அசைவு மூளை கட்டுவது. உளவியலாளர் வெர்தைமர் 1912இலேயே தோற்ற அசைவை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

பட்டறை17:
இருட்டு இடைவெளி உறுத்தாமல் இருப்பதற்கு நிலைப்பு வேண்டாமா?

பழையசுருள்:
அது சிமிட்டல் மறைவது. அசைவு வேறு. நொடிக்கு 12 மின்னலில் சிமிட்டல் நன்றாகவே தெரியும், ஆனாலும் குதிரை ஓடும். உங்கள் வாதத்துக்கு இதுவே பதில்.

பட்டறை17:
பத்து வயதுப் பிள்ளை படிக்கும் பலகை ஐயா அது.

பழையசுருள்:
அதனால்தான் சரியாக எழுதச் சொல்கிறேன்.

திரைநூல்:
தகடு உருளைத் தண்டுக்குப் போயிற்று, ‘ரைசிங்’ போட்டாச்சு. ஒற்றைக் குதிரை, நின்ற இடத்தில் ஓடுகிறது. கூண்டு நாளை வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

பழையசுருள்:
பலகை?