முன்பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டிக்கு யோசனை வேண்டும்

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது, ஜனவரியில்தான் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரைக்கு நானும் கணவரும் வேலைக்கு ஓடும் அவசரத்தில் கிரீம் பிஸ்கட்டும் ஜாம் பூசிய பாணும்தான் பெட்டிக்குள் போகின்றன. அது எனக்கு மனதுக்குச் சரியாகவே இல்லை.

அவித்த கௌபியில் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தேன். வீட்டில் கிண்ணம் வழித்துச் சாப்பிடுபவள், அங்கே தேங்காய்ப்பூவை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே கொண்டுவந்தாள். குரக்கன் ரொட்டி பத்து மணிக்குள் தோல் மாதிரி இழுபடுகிறது. அதை மிருதுவாக வைத்திருக்க ஏதாவது வழி உண்டா? பிசையும்போது வாழைப்பழம் சேர்த்தால் சரிவருமா?

கொழும்பு வெக்கையில் பால்சொதி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் சீக்கிரம் பழுதாகிவிடும், அதனால் அனுப்பப் பயம். முழுக் கச்சானும் வேண்டாம், ஐந்து வயதுக்குள் தொண்டையில் சிக்கலாம். திராட்சையைக்கூட நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் வைக்கிறேன்.

இரவே பாதி வேலை முடித்து வைக்கக்கூடிய, ஆறினாலும் ருசி குறையாத சாப்பாடு இருந்தால் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் வெறும் பெட்டியோடு திரும்பி வந்த நாட்களில் என்ன வைத்தீர்கள்?