சின்ன மோட்டார்ஹோமில் சொந்தக்காரர் வீட்டுக்கு: எடை, டிரைவ்வே, கரன்ட், குளிர்

கேள்வி: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். அக்கா வீடு 600 கிலோமீட்டர் தள்ளி. அங்கே எல்லோருக்கும் படுக்க இடம் போதாது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், 4 வயதுப் பையன். சின்ன மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, டாய்லெட் உள்ள வேன்) வாடகைக்கு எடுத்து, அக்கா வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தித் தங்கலாம் என்று நினைக்கிறோம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: படுக்கை எத்தனை என்று பார்த்து வண்டி எடுக்காதீர்கள். 5 பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும், பெல்ட் போட்ட இருக்கை நாலுதான் இருக்கும். ஓடும் வண்டியில் எல்லோருக்கும் பெல்ட் வேண்டும்; படுக்கையில் சாய்ந்துகொண்டு வருவதெல்லாம் நடக்காது. பையனின் சைல்டு சீட்டை முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் மாட்டலாம். பக்கவாட்டு சோபாவில் பெல்ட் இருந்தாலும் அது சைல்டு சீட்டுக்கு ஆகாது.

அதைவிடப் பெரிய தலைவலி எடை. பல நாடுகளில் சாதாரண கார் லைசென்ஸ் 3,500 கிலோவோடு நின்றுவிடும், அதனால் சின்ன மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் பதிவாகியிருக்கும். டிரைவரையும் டீசலையும் சேர்த்து வண்டி 3,000 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 500. மற்ற மூன்று பெரியவர்கள் 200, பையனும் சீட்டும் 28, ஆளுக்கு 15 கிலோ பெட்டி என்றால் 75, தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100, பாத்திரம், போர்வை, நாற்காலி 60. இப்போதே 463 ஆகிவிட்டது. அக்காவுக்கென்று நாலு பெட்டி சாமான் ஏற்றினால் தாண்டிவிடும். எடை மீறினால் அபராதம் மட்டுமில்லை, விபத்தில் இன்சூரன்ஸ்காரரும் தகராறு செய்யலாம். வழி சுலபம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டரோடு கிளம்பி, அக்கா வீட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். பின்பக்கக் கேரியரில் சைக்கிள் வேண்டாம். பின் அச்சுக்கு வெளியே தொங்கும் பாரம் அந்த அச்சை அதன் எடையைவிடக் கூடுதலாக அழுத்தும், முன் சக்கரத்தின் பிடியைக் குறைக்கும்.

காலிவண்டி எடையை விளம்பரத்தில் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பிற்பாடு சேர்த்த வெயில் பந்தல், சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி எதுவும் அதில் இருக்காது. எடைமேடையில் ஏற்றி எடை போட்ட ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நின்றே கிடக்கும் வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர்தான் கிழடாகும். ஒப்பந்தத்தில் கூரைச் சேதத்துக்கும் அடிப்பாகச் சேதத்துக்கும் காப்பீடு உண்டா என்று தேடிப் பாருங்கள். புதிதாக ஓட்டுபவர் அடிப்பது அந்த இரண்டைத்தான்.

பதில்: டிரைவ்வே பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. இப்போதே அக்காவிடம் ஒரு டேப்பைக் கொடுத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: கேட்டின் அகலம், தாழ்ந்த கிளை அல்லது கூரை விளிம்பின் உயரம், சாலையிலிருந்து ஏறும் இடத்துச் சரிவின் போட்டோ. வண்டி உயரம் ஏசி, ஆன்டெனா எல்லாம் சேர்த்து 3 மீட்டர் வரை வரும். கார் மோடில் இருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியாது, தாழ்ந்த பாலத்தடிக்கே கொண்டு போய் நிறுத்தும். உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் உடல் நீண்டிருப்பதால் செங்குத்தான ஏற்றத்தில் பின்புறம் தரையில் உரசும். திருப்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும். சாக்கடை மூடிமேல் சக்கரத்தை நிறுத்தாதீர்கள். டிரைவ்வேயில் வண்டிக்குள் படுக்க உள்ளூர் விதி இடம் தருகிறதா என்றும் அக்காவே விசாரிக்கட்டும்.

கரன்ட்: வீட்டு பிளக்கில் மாட்டலாம், ஆனால் கேம்ப் மைதானத்து இணைப்பு என்று நினைத்து இழுக்கக் கூடாது. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். 2,000 வாட் கெட்டிலும் 1,000 வாட் ஹீட்டரும் சேர்ந்தால் அக்கா வீட்டு பிரேக்கர் விழலாம். 120 வோல்ட் நாடு என்றால் 15 ஆம்பியர் பிளக்கில் தொடர்ந்து 1,440 வாட்டுக்கு மேல் இழுக்காதீர்கள். கேபிள் ரீலை முழுசாக அவிழ்த்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும், தீ விபத்து அப்படித்தான் ஆரம்பிக்கும். ரிசிடுவல் கரன்ட் பிரேக்கர் (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாத பழைய வீடு என்றால் மாட்டவே வேண்டாம்.

பிரிட்ஜ் வீட்டு கரன்ட், வண்டி பேட்டரியின் 12 வோல்ட், கேஸ் மூன்றிலும் ஓடும் வகை என்றால் முந்தின நாளே வீட்டு கரன்ட்டில் போட்டுக் குளிரவையுங்கள். ஓட்டும்போது 12 வோல்ட் ஏற்கெனவே உள்ள குளிரைக் காக்கும், புதிதாகக் குளிர்விக்காது. வண்டி சாய்ந்து நின்றால் அந்த வகை வேலையே செய்யாது, சக்கரத்தடியில் சாய்வுக் கட்டை வைத்துச் சமன் செய்தாக வேண்டும்.

வண்டி டாய்லெட்டின் கழிவுப் பெட்டியின் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர்தான். ஐந்து பேருக்கு ஒரு நாளிலேயே நிறையும். வீட்டு டாய்லெட்டையே பயன்படுத்துங்கள். பெட்டியை அங்கே கொட்ட நேர்ந்தால் மெதுவாக, வீட்டு டாய்லெட்டில் மட்டும். செப்டிக் டேங்க் வீடென்றால் பெட்டியில் ஊற்ற ஃபார்மால்டிஹைடு கலந்த நீல மருந்து கூடாது, டேங்கில் மலத்தைச் சிதைக்கும் கிருமிகளையே அது கொன்றுவிடும். என்சைம் வகை வாங்குங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது சுத்திகரிக்காமல் ஆற்றுக்குப் போகும்.

கேள்வி: இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்கிறார்கள். அப்பா, அம்மாவை வண்டியில் படுக்கவைத்தால் தாங்குமா?

பதில்: மாற்றிச் செய்யுங்கள். பெரியவர்கள் அக்கா வீட்டுக்குள் படுக்கட்டும், நீங்கள் மூவரும் வண்டியில். ஏணி வைத்து ஏறும் மேல்படுக்கையும், நடுராத்திரியில் இறங்கும் வழுக்குப் படியும் வயதானவர்களுக்கு ஆகாது.

கேஸ் சிலிண்டர் புரொப்பேன் தானா என்று பாருங்கள். புரொப்பேன் சுமார் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், சிலிண்டர் கனமாகவே இருக்கும், அடுப்பு எரியாது. வண்டியைச் சூடாக்க அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அலாரம் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று: பாய்லர் அருகே சின்ன வால்வு ஒன்று இருக்கும். சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் அது தானே திறந்து, பாய்லர் தண்ணீரை முழுக்கத் தரையில் விட்டுவிடும். குழாய் வெடித்துவிட்டதென்று பதற வேண்டாம், உறைந்து பாய்லர் உடையாமல் காப்பதற்கே அது. ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடான பிறகு வால்வை மூடி, தண்ணீரை மறுபடி நிரப்புங்கள்.

பதில்: கிளம்பும்போது கேஸ் வால்வு, கூரை ஜன்னல், பிரிட்ஜ் பூட்டு, படிக்கட்டு என்ற வரிசையில் சுற்றிப் பாருங்கள். கேபிளை மறக்காமலிருக்க, பிளக்கை மாட்டும்போதே வண்டிச் சாவியை வண்டியின் வெளிப்பக்க பிளக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். சாவியை எடுக்கப் போனாலே பிளக் கண்ணில் படும்.