ஹாலோ மையம் "இறுகுது"ங்கிறவங்க கவனத்துக்கு

தூமகேது: பக்கத்து இழையில் பாண்டியன்77 அடித்துவிட்டது: "செம்பெயர்ச்சி 1-ல் (பிரபஞ்சம் இன்றைய அளவில் பாதியா இருந்தப்ப) செறிவு 5 இருந்த டார்க் மேட்டர் ஹாலோவுக்கு (கேலக்ஸியைச் சூழ்ந்த கரும்பொருள் திரள்) இன்னிக்கு 8. மையம் இறுகிட்டே வருது." எங்கேய்யா இறுகுச்சு? செறிவுங்கறது ஆர்200-ஐ (உள்ளே சராசரி அடர்த்தி மாறுநிலை அடர்த்தியைப் போல 200 மடங்கா இருக்கிற ஆரம்) ஆர்எஸ்ஸால் (அடர்த்தி வளைவின் சரிவு மாறுற உள் ஆரம்) வகுத்தது. ஆர்எஸ் அசையவே இல்லை! ஓமேகா-எம் (இன்றைய பிரபஞ்சத்தில் பொருளின் பங்கு) 0.3 என்றால் மாறுநிலை அடர்த்தி (தட்டையான பிரபஞ்சத்தின் மொத்த அடர்த்தி) அன்றைக்கு இன்றையதைப் போல 3.1 மடங்கு. அது குறையக் குறைய "200 மடங்கு" கோடு தானா வெளியே நகரும். அதே என்எஃப்டபிள்யூ வளைவை (ஹாலோ அடர்த்தி மையத்திலிருந்து எப்படிக் குறையுதுங்கற சூத்திரம்) வச்சுப் போட்டுப் பாருங்க: 5 இருந்தது 8.1 ஆகும், நிறை 38% ஏறும். ஒரு துகள்கூட உள்ளே விழாமல்.

பாண்டியன்77: வாத்தியார் வந்துட்டார். இரண்டு ஹாலோ மோதி ஒண்ணாகும்போதும் உங்க ஆர்எஸ் அசையாதோ?

தூமகேது: அசையும், ஆனா பெருக்கும். நிறை வேகமாச் சேரும் காலத்தில் செறிவு 4 பக்கம் நிற்கும், ஆர்எஸ்ஸும் ஆர்200ஓட சேர்ந்து வளரும். வேகம் அடங்கினதும் உறைஞ்சுடும். இறுகறது எங்கே?

பாண்டியன்77: வாயு குளிர்ந்து நடுவில் சேர்ந்தா ஹாலோவும் சுருங்கும். ப்ளூமெந்தால் குழுவோட கட்டுரை, 1986. படிச்சதில்லையா?

தூமகேது: டார்க் மேட்டர் மட்டும் இருக்கிற சிமுலேஷன் எண்ணைச் சொல்லிட்டு, மாட்டினதும் வாயுவைக் கூப்பிடறீங்க. ஆர்எஸ். அசையலை.

அமாவாசை: சுற்றுப்புறத்தை ரெண்டு பேருமே தொடலை. ஒரே நிறையுள்ள சின்ன ஹாலோக்களில் முன்னாடியே உருவானதுதான் ஒண்ணோடொண்ணு நெருங்கி அதிகம் கொத்தா இருக்கும்னு காவோ, ஸ்ப்ரிங்கல், வைட் 2005-லேயே காட்டியாச்சு. பெரிய கொத்துக்குள்ள போய் வெளியே வந்த ஹாலோவோட மேல்தோலை அலைவிசை (பெருநிறையோட ஈர்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடறதால வர்ற இழுப்பு) உரிச்சுடும், அதனாலும் செறிவு ஏறும். சூழல் அடர்த்தி எடுக்கும்போது அந்த ஹாலோவின் சொந்த நிறையைக் கழிச்சிடுங்க, இல்லேன்னா இல்லாத தொடர்பு இருக்கிற மாதிரி தெரியும்.

தூமகேது: உரிஞ்சது வெளித்தோல்தானே? ஆர்எஸ் அங்கேயும் அசையலை. நன்றி.

நெற்றிக்கண்: அது இருக்கட்டும், ஹாலோவுக்கு "ஒளிவட்டம்"னு இங்கே எழுதற புண்ணியவான் யாரு? இருட்டுக்கு ஒளிவட்டமா?

அமாவாசை: நான்தான். "ஹாலோ"ன்னா மட்டும் இருட்டுன்னு அர்த்தமா?

பாண்டியன்77: தூமகேது சார், போன மாசம் 300 துகள் ஹாலோவுக்கு வளைவு பொருத்தினவர் நீங்கதானே? மென்மையாக்கல் நீளத்துக்கிட்ட (சிமுலேஷனில் ஈர்ப்பைச் செயற்கையா மழுக்கற தூரம்) அடர்த்தி சப்பையாகும், ஆர்எஸ் பொய்யாப் பெருக்கும். மில்லெனியம் சிமுலேஷனில் அந்த நீளமே 5 கிலோபார்செக்/ஹெச் (ஹெச்: ஹபிள் மாறிலியை 100-ஆல் வகுத்தது). நெட்டோ குழு 2007-ல் மைய விலகல் 0.07, துணை ஹாலோ நிறை 10%, இயக்க ஆற்றலின் இரு மடங்குக்கும் நிலை ஆற்றலுக்கும் விகிதம் 1.35, இதைத் தாண்டின அமைதியடையாத ஹாலோவை எல்லாம் தள்ளிட்டுத்தான் பொருத்தினாங்க. நீங்க எதைத் தள்ளினீங்க?

தூமகேது: பேச்சை மாத்தாதீங்க. அசைஞ்சுதா, இல்லையா?

நெற்றிக்கண்: "கருவட்டம்"னு வைக்கலாமே?

அமாவாசை: கோளம்யா அது, வட்டமில்லை.

தூமகேது: கோளமும் இல்லை, மூவச்சு நீள்வட்டத் திண்மம். அதுக்கும் ஆர்எஸ் உண்டு. அதுவும்…

பாண்டியன்77: அசையலை. கேட்டாச்சு சார். 300 துகள்?