தாப்சஸ் போர் சித்திரையிலா, மாசியிலா?

நாள்கணக்கன்: வட ஆப்பிரிக்காவின் தாப்சஸில் ரோமானியத் தளபதி சீசர் நடத்திய போர் பற்றிப் பொன்னி அவர்களின் அட்டவணையில் இப்படி இருக்கிறது: "சீசர் தாப்சஸில் வென்றது கி.மு. 46 ஏப்ரல் 6. ரோம் ஆண்டு 708. கலி 3057, சித்திரை." (ரோம் ஆண்டு: ரோம் நகரம் நிறுவியதிலிருந்து எண்ணுவது; கலி: கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணுவது.) அந்த ஏப்ரல் சீசர் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முந்தையது. அந்த ஆண்டுக்கு 445 நாள்! வழக்கமான 355, பிப்ரவரியில் சேர்த்த 23, நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் நுழைத்த 67. கி.மு. 45 ஜனவரி 1இலிருந்து 445 நாள் பின்னே எண்ணினால், ஜூலியன் கணக்கில் (சீசர் திருத்திய நாட்காட்டியில்) கி.மு. 47 அக்டோபர் நடுவில் நிற்கும். அங்கிருந்து ஜனவரி 29, பிப்ரவரி 28, சேர்த்த 23, மார்ச் 31, ஏப்ரலில் 5 என 116 நாள் தள்ளினால் பிப்ரவரி முதல் வாரம். மாசி மாதம்.

பொன்னி: 445 என்று அடித்துச் சொல்கிறீர்களே, ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் 443 என்கிறார். படித்ததே இல்லையோ? சக ஆண்டு விவாதத்திலும் உங்களுக்கு இதே தோரணைதான்.

நாள்கணக்கன்: படித்தேன். இன்னொரு ரோமானிய எழுத்தாளர் சென்சோரினஸ் சொல்வது 445. 355, 23, 67: கூட்டிப் பாருங்கள். 443 என்றே வைத்தாலும் நகர்வது இரண்டு நாள். மாசி சித்திரையாகிவிடுமா?

திசைமானி: கலிக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. வானியலில் 0 ஆண்டு உண்டு, கி.மு. 46 என்பது −45. அதோடு 3101 கூட்டினால் 3056. இது சென்ற ஆண்டு (முடிந்துபோன ஆண்டுகளின் எண்ணிக்கை), நடந்துகொண்டிருக்கும் நடப்பு ஆண்டு 3057. அட்டவணை சரிதான்.

நாள்கணக்கன்: தம்பி, சென்றதோ நடப்போ, கலி ஆண்டு மாறுவது மேஷ சங்கராந்தியில், அதாவது சித்திரை பிறக்கும்போது. அன்று அது மார்ச் நடுவில் வந்தது. போர் அதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முந்தி. ஆகவே நடப்பு 3056, சென்றது 3055. கிரேக்கரின் நான்காண்டுச் சுற்றான ஒலிம்பியாடும் 183இன் இரண்டாம் ஆண்டுதான். மூன்றாம் ஆண்டு அந்தக் கோடையில்தான் பிறக்கும்.

திசைமானி: தம்பி என்று கூப்பிட நான் உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. வாய்பாட்டில் பிழை இருந்தால் அதைக் காட்டுங்கள்.

நாள்கணக்கன்: வாய்பாடு மார்ச் நடுவுக்குப் பின் வரும் நாள்களுக்குத்தான் பொருந்தும். அதுதான் பிழை.

பொன்னி: ரோமானியரே ஏப்ரல் என்று எழுதியதைத் திருத்த நீங்கள் யார்?

நாள்கணக்கன்: பெயரை நான் தொடவில்லை. 355 நாள் ஆண்டு சூரியனுக்கு 10 நாள் குறைவு. ஓராண்டு விட்டு ஓராண்டு 22 அல்லது 23 நாள் சேர்க்க வேண்டியது பூசகர் குழு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் சேர்க்காமல் விட்டார்கள், மாதங்கள் பருவத்தை விட்டு ஓடின. அதனால்தான் 445.

பொன்னி: 443. மக்ரோபியஸுக்குப் பொய் சொல்ல என்ன தேவை? அட்டவணை அப்படியேதான் இருக்கும்.

நாள்கணக்கன்: 445.